குழாயிடம் சொன்ன கனவு

கனவு மறக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, விழித்தவுடன் அசையாமல் கிடப்பதுதான். புரண்டு படுத்தால் பாதி போய்விடும். எழுந்து உட்கார்ந்தால் முக்கால்வாசி. யாராவது வந்து "பால் வாங்கியாச்சா?" என்று கேட்டால் மொத்தமும் போய்விடும். எந்தப் பக்கம் படுத்திருந்தோமோ அதே பக்கமாக, கண்ணைத் திறக்காமல், கடைசியாகப் பார்த்ததை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். கடைசியில் ஒரு கதவு வந்ததா? அந்தக் கதவுக்கு முன்னால் என்ன இருந்தது, அதற்கும் முன்னால் யார் பேசினார்கள்? அப்படியே போய்க்கொண்டிருந்தால் ஓரிடத்தில் கனவு அறுந்துவிடும். அதுவரை கிடைத்ததைத் தலையணைக்குக் கீழே இருக்கும் போனை எடுத்து அரைத் தூக்கக் குரலிலேயே பேசிப் பதிவு செய்துவிடுவேன். என் கதைகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். சிறு பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. படித்தவர்கள் குறைவு.

ஓசூருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். பசுமைக்குடிலில் வெட்டி வரும் பூக்களைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, கட்டுக் கட்டி, குளிர் அறைக்கு அனுப்பும் கொட்டகையில் நான் சூப்பர்வைசர். விடிந்ததும் போனால் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்குவேன். கனவுகள் அதிகமும் அப்போதுதான் வரும். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த யாராவது ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். ஜன்னலில் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்திருப்பார்கள். காய்கறி வண்டிக்காரர்கூட எங்கள் தெருவுக்கு வந்தால் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்.

கண்ட கனவை அப்படியே எழுதினால் அது கதையாகாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் ஆனது. ஒருமுறை சானமாவுக் காட்டிலிருந்து வந்த யானைகள் எங்கள் ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் வரிசையாக நிற்பதாகக் கனவு கண்டேன். எல்லா யானைகளும் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கடைசி யானை மட்டும் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறது. அதை எப்படி எழுதினாலும் வேடிக்கையாகவே வந்தது. பிறகு யானைகளை எடுத்துவிட்டு, அந்தத் திரும்பிப் பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முதல் நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதையாக அது வந்தது.

அந்தக் கதையை டைப் செய்து கொடுத்தவன் என் மகன். எனக்கு ஒரே பிள்ளை. அப்போது ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தான். என் குரல் பதிவுகளையும் கையெழுத்தையும் போனில் டைப் செய்வது அவன் வேலை. இரண்டு கட்டைவிரல்களாலும் மழை பெய்கிற மாதிரி தட்டுவான். என் கனவுகள் எல்லாவற்றையும் என்னைத் தவிர அறிந்தவன் அவன் ஒருவன்தான்.

"யானைய ஏம்மா தூக்கிட்ட?" என்றான். "யானை இருந்திருந்தா நாலு பேராவது படிச்சிருப்பான்."

"நீ டைப் பண்ணுடா, போதும்."

"டைப் பண்றவனுக்கு ஒரு கருத்து இருக்கக் கூடாதா? எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் இருக்குது."

கெட்ட கனவை நான் பதிவு செய்வதில்லை. எங்கள் வீட்டில் கெட்ட கனவு கண்டால் மனிதர் யாரிடமும் வாய் திறக்கும் முன்பு அதை ஓடும் தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும், பலிக்காது, மனதிலும் தங்காது. எங்கள் ஊரில் இருந்தவரை ஓடையிருந்தது. இங்கே குழாய்தான். எழுந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் குனிந்து சொல்லிவிட்டு, அதே தண்ணீரில் முகம் கழுவுவோம். மகன் சிறுவனாக இருந்தபோது கணக்கு டீச்சர் எருமையாக மாறித் துரத்தியதைக் குழாயிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருப்பான். "சீக்கிரம் சொல்லுடா, டேங்க் காலியாவுது" என்று அவன் அப்பா வெளியிலிருந்து கத்துவார்.

போன வருடம் ஆடியில், ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்த கம்பெனியில், மகனின் வலது கை பிரஸ் மெஷினில் சிக்கியது. இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் மெஷின் அது. கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காமல் நிறுத்த ஒரு சென்சார் உண்டாம். அன்று அது வேலை செய்யவில்லையாம். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. பெங்களூர் வரைக்கும் கொண்டு போனோம். நடுவில் இருக்கும் மூன்று விரல்களையும் காப்பாற்ற முடியவில்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருக்கின்றன.

கட்டுப் பிரித்த பிறகு கம்பெனியில் அவனைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவன் போய்க்கொண்டுதான் இருந்தான். என்னால்தான் எதுவும் முடியவில்லை. ரோஜாத் தண்டை அளவுக்கு வெட்டும் கத்தரியின் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கட்டின் எண்ணிக்கை தப்பிப்போகும். கொட்டகையில் நாள் முழுதும் அந்தச் சத்தம்தான். வீட்டில் அவன் டம்ளரை எடுக்கும்போது நான் அடுப்பைப் பார்ப்பேன். சட்டைப் பொத்தான் போடும்போது ஏதாவது தேடுகிற மாதிரி அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

ஆனால் கனவில் அவன் கை நன்றாக இருந்தது. அந்த மாதங்களில் மதியம் படுத்தால் போதும், வந்துவிடுவான். மொட்டை மாடியில் துணி காயப்போடுவான், ஐந்து விரல்களாலும் கிளிப்பைப் பிடித்து. பந்து வீசுவான். என் தலையில் பூ வைத்துவிடுவான். அவன் வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத காரியம் அது. விழித்ததும் முன்பைவிட அசையாமல் கிடப்பேன். பின்னால் போய்ப் போய், விரல் நகம் வரை நினைவுக்குக் கொண்டு வருவேன். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தேன். கதைகளும் வந்தன, இதுவரை இல்லாத வேகத்தில். அவனே கேட்டு வாங்கினான். இடது கட்டைவிரலால் மெதுவாகத் தட்டினான்.

அவனுக்கு அந்தப் பதிவுகளை எப்படி அனுப்பினேன் என்று இப்போது நினைத்தால் திகைப்பாக இருக்கிறது. கனவைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

தை மாதத்தில் மத்தூரில் என் அண்ணன் வீட்டுக் கல்யாணம். மகன் பந்திக்குப் போகாமல் ஐஸ்கிரீம் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். இடது கையில் கப் இருந்தது. வலது கை பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. என் அண்ணன் அவனைப் பிடித்துவிட்டார்.

"என்னா மாப்ள, ஐஸ்கிரீம் கடையிலயே குடித்தனம் வெச்சுட்ட?"

"பசிக்கல மாமா."

"கம்பெனிக்காரனுக்குப் பசிக்காதா? வா வா. பொண்ணு வீட்டுக்காரங்க பக்கத்துல ஒக்காரு. அப்பிடியே உனக்கும் ஒண்ணு பாத்துருவோம்."

அவருக்குத் தெரியாமல் இல்லை. பாசத்தில், ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தார். நானும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்? தோளைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்தார். இலை போட்டார்கள், சோறு வந்தது, சாம்பார் ஊற்றினார்கள். நான் எதிர்ப் பந்தியில் இருந்தேன். அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர் பருப்பைப் பிசைந்துகொண்டே, "சாப்பிடுங்க தம்பி, ஆறுது" என்றார். கூட்டத்தின் நடுவில், கல்யாணப் பந்தியில், இடது கையைச் சோற்றில் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. போன் வந்த மாதிரி எழுந்து போய்விட்டான். இலை அப்படியே கிடந்தது. பரிமாறுகிறவர் அதைப் பார்த்துவிட்டு மடித்தார்.

மறுநாள் மதியம் எனக்கு வந்த கனவில் அவன் அதே பந்தியில் உட்கார்ந்து ரசம் விட்டுப் பிசைந்து சாப்பிட்டான். விரலிடுக்கில் ரசம் வழிய, புறங்கையை நக்கினான். அவ்வளவு சந்தோஷமான கனவை நான் கண்டதில்லை. பதிவு செய்து அனுப்பினேன்.

அன்று மாலை அவன் என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, இதுலயும் எனக்கு அஞ்சு விரல்."

நான் அடுப்பின் பக்கம் திரும்பினேன்.

"எல்லாத்துலயும் அஞ்சு விரல்தான். நானும் பாத்துட்டே இருக்கறேன். உன் கனவுல வர்றவன் நான் இல்லம்மா. யாரோ ஒருத்தன். எம் மூஞ்சிய வெச்சுட்டுச் சுத்தறான்."

"கனவு நம்ம கையிலயாடா இருக்குது, கண்ணு?"

"இல்லதான். நான் உன்னக் குத்தம் சொல்லல." கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னைக்காவது நானா வந்தா அனுப்பு. இதோட வந்தா." கையைத் தூக்கிக் காட்டினான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "அதை டைப் பண்றேன். அதுவரைக்கும் வேற எதுவும் அனுப்பாத."

அதன் பிறகு நான் படுக்கும்போதெல்லாம் அதற்காகவே படுத்தேன். கதை எழுதுவதற்காக இல்லை. அவன் அவனாகவே ஒருமுறை வந்துவிட்டால் போதும், அதை அவனிடம் கொடுத்துவிட்டால் எங்களுக்குள் சரியாகிவிடும் என்று தோன்றியது. வரவில்லை. கனவில் வந்தான், ஆனால் முழுக் கையோடு வந்தான். விழித்துக்கொண்டு, பதிவு செய்யாமல், அந்தக் கனவுக்காக வெட்கப்பட்டேன். வெட்கத்துக்கு அடியில் அது எனக்கு வேண்டியும் இருந்தது. அந்த விரல்கள் மிச்சமிருந்த ஒரே இடம் அதுதானே.

மாசியில் ஒரு நாள் விடிகிற நேரம். வெளியே பனி. அவன் வந்தான். அவன்தான், அந்தக் கையோடு. இவ்வளவு மட்டும் நிச்சயமாகத் தெரியும். விழித்துக்கொண்டேன். அசையாமல் கிடந்திருக்க வேண்டும். இத்தனை வருடப் பழக்கம் அது. ஆனால் அதைவிடப் பழைய பழக்கம் ஒன்று உடம்பில் இருந்திருக்கிறது. நான் யோசிக்கும் முன்பே கால்கள் குளியலறைக்குப் போய்விட்டன. குழாயைத் திறந்தேன். குனிந்தேன்.

"எம் பையன் விரல் இல்லாம வந்தான். தண்ணியோட போயிரட்டும். திரும்பி வர வேண்டாம்."

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினால் அவன் நின்றிருந்தான். நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்திருக்கிறான். தோளில் பை. ஷூவைக்கூட இன்னும் ஓரமாக வைக்கவில்லை.

"அது கெட்ட கனவாம்மா?" என்றான்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரி கேட்டான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவனே கையை நீட்டிக் குழாயை மூடினான்.

"சரி, விடு. கனவுல நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

நினைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே, கடைசியாகப் பார்த்ததைப் பிடிக்க முயன்றேன். ஒன்றுமில்லை. அவன் நின்றானா, உட்கார்ந்திருந்தானா, என்னிடம் ஏதாவது சொன்னானா? எதுவுமே இல்லை. குழாயிடம் நான் சொன்ன வார்த்தைகள் மட்டும் காதில் இருந்தன. தண்ணீரிடம் சொன்னால் மனதில் தங்காது என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தங்கவில்லை.

"தெரியலடா சாமி."

"ம்" என்றான். போய்ப் படுத்துக்கொண்டான். நான் ரோஜாப் பண்ணைக்குப் போனேன்.

சில வாரங்களில் ரூம் பார்த்துவிட்டான். கர்நாடக எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், கூட வேலை செய்யும் இரண்டு பையன்களோடு. "தூங்கறதுக்கு நேரம் கெடைக்கும்மா, அதான்" என்றான். சண்டை ஒன்றும் இல்லை. அவன் அப்பாவே வண்டியில் மெத்தையைக் கட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"ஏங்க, நீங்களாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நான் சொன்னா ஏன்னு கேப்பான். ஏன்னு உனக்குத்தான் தெரியும்" என்றார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் சொன்னானா என்று கேட்கவும் இல்லை.

அந்தக் கனவைத் திரும்ப வரவழைக்க நான் செய்யாதது இல்லை. அதே பக்கம் படுத்தேன். அதே போர்வை. அதற்கு முந்தின இரவு சாப்பிட்ட கம்பங்களியை மறுபடியும் கிண்டிச் சாப்பிட்டேன். பண்ணைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு பகல் முழுவதும் ஜன்னலை மறைத்துக்கொண்டு கிடந்தேன். குளிர் அறையில் மாட்டிக்கொண்ட கனவு வந்தது, பஸ்ஸைத் தவறவிட்ட கனவு வந்தது. அவன் வரவில்லை. முழுக் கையோடும் வரவில்லை. அன்றோடு அந்தப் பையனும் போய்விட்டான்.

கடைசியில் ஒன்றைக் கட்டினேன். இத்தனை கதை எழுதியவளுக்கு ஒரு கனவு கட்டத் தெரியாதா? மொட்டை மாடியில் அவன் நிற்கிறான், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கிறான், கட்டைவிரலும் சுண்டுவிரலும் மூடியின் விளிம்பைப் பிடித்திருக்கின்றன, உள்ளே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். அரைத் தூக்கக் குரலை வரவழைத்துக்கொண்டு போனில் பேசி அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்று காட்டியது. வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது.

"கதை நல்லா இருக்கும்மா."

கனவு என்று அவன் எழுதவில்லை. என் கனவுகளை இத்தனை வருடம் டைப் செய்தவன். கனவில் எதுவும் அவ்வளவு சரியாக இருக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் ரூமுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். மாடியில் ஒற்றை அறை, வாசலில் துணிக்கொடி. கதவு திறந்தே இருந்தது. உள்ளே திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் பாயில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு உள்ளே திரும்பிக் கத்தினான்.

"ஏலே ரெண்டு வெரலு! உங்க அம்மா வந்திருக்காவ. டீ நீ போடுதியா, நான் போடட்டா?"

நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். என் மகன் அடுப்புப் பக்கமிருந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

"நீ போட்டா அம்மா அடுத்த பஸ்ஸுக்கே போயிரும். நானே போடறேன். வாம்மா, ஒக்காரு."

"எப்பா, பெரிய மாஸ்டரு. அம்மா, நேத்து இவன் போட்ட டீயக் குடிச்சிட்டு ஹவுஸ் ஓனரம்மா தெலுங்குலயே திட்டினாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல, ஆனா நல்லாத் திட்டினாவ."

"அது டீக்கு இல்லம்மா, வாடகைக்கு" என்றான் மகன். இருவரும் சிரித்தார்கள்.

அவன் டீ போட்டான். நான் பாயில் உட்கார்ந்து பார்த்தேன். ஓசூர்க் குளிரில் தையல் போட்ட இடம் ஊதா நிறத்தில் இருந்தது. அவ்வப்போது அதைத் தொடையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். பாலைப் பாத்திரத்தில் ஊற்றும்போது சுண்டுவிரல் பாக்கெட்டின் அடியைத் தாங்கியது. டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டன. சிந்தவில்லை. விரல்கள் இருந்த இடத்தில் தோல் மழமழவென்று புதிதாக இருந்தது. நடுவில் ஒரு கோடு, வாய் இறுக மூடியிருக்கிற மாதிரி. என் பிள்ளையின் கையை, அது இப்படி ஆன பிறகு, நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தும்.

"என்னம்மா பாக்கற?"

"உன் கைய."

"பாத்துக்க" என்றான். டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த டம்ளரில் ஊற்றப் போனான்.

அந்தப் பையன் கடைக்குப் போன பிறகு கேட்டேன். "வீட்டுக்கு வாடா, கண்ணு."

அவன் காலி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தான். "கோவம்லாம் இல்லம்மா. இங்க இருந்தா எனக்கு இது ஞாபகத்துலயே இருக்கறதில்ல. இவன் நாள் முழுக்க இதவெச்சே கிண்டல் பண்றான், அப்பவும் ஞாபகம் இல்ல. அங்க நீ பாக்காம இருப்ப பாரு, அப்ப வந்துருது."

"இப்பத்தான் பாத்தேன்ல?"

"பாத்த." தலையை ஆட்டினான். "வர்றேன்மா. இப்ப இல்ல."

எப்போது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவன் அன்று எந்த ஷிப்ட், துணிக்குச் சோப்பு இருக்கிறதா, தோசை மாவு எங்கே வாங்குகிறார்கள் என்று என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

என்னை வழியனுப்பக் கீழே வந்தான். மெயின் ரோட்டில் லாரிகளாக வந்துகொண்டிருந்தன. நிழற்குடை எதுவும் இல்லாத இடம். பஸ் நிறுத்துவது டிரைவரின் மனசைப் பொறுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் எந்த பஸ்ஸும் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

தூரத்தில் ஒன்று வந்தது. அவன் ரோட்டோரம் ஒரு அடி முன்னால் போனான். வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, தலைக்கு மேலே நன்றாகத் தூக்கிக் காட்டினான். எதிர் வெயிலில் அந்தக் கை பஸ்ஸில் இருந்த அவ்வளவு பேருக்கும் தெரிய நின்றது.

பஸ் நின்றது. நான் ஏற வேண்டியிருந்தது.